ஆறாவது தாது

மன்னிப்பது பெரிய மனசுக்கு அடையாளம் என்று சொல்லுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு, மன்னிக்கும்படியாக யாரும் எதுவும் செய்திருக்கவில்லை. என் மனசு அத்தனை பெரிசு இல்லை. என் அக்காவின் மாமியாரை அவள் இருந்தபோதும் நான் மன்னிக்கவில்லை, செத்த பிறகும் மன்னிக்கவில்லை. செய்தி வந்த அன்று பள்ளிக்கூடத்தில் எனக்கு மூன்று வகுப்புகள் இருந்தன. மூன்றையும் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு சொல். கத்தியும் இல்லை, நஞ்சும் இல்லை. எல்லாரும் தினமும் பத்துத் தடவை சொல்லுகிற சாதாரணச் சொல். மூளை.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். எங்கள் வீடு மண்டைக்காட்டுக்கு வடக்கே கால்வாய்க் கரையில் இருந்தது. அப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார். அம்மா எனக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டாள். எனக்குத் தலை பின்னியதும் கணக்குச் சொல்லித்தந்ததும் அக்காதான். அப்பா மறுநாள் வகுப்பில் போடுவதற்கு யோசித்து வைத்திருக்கும் கணக்கை இவள் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டே போட்டுவிடுவாள். பதினாறாம் வாய்ப்பாட்டைக் கீழிருந்து மேலே சொல்லுவாள். பிற்பாடு நடந்ததை நினைத்தால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாடு விடுதலையான மறு வருஷம் அவளை நாகர்கோவிலுக்குக் கிழக்கே, சுற்றிலும் வயலாக இருந்த ஓர் ஊரில் கட்டிக்கொடுத்தோம். அத்தான் நல்ல மாதிரி என்றார்கள். நல்ல மாதிரிதான். அவர் வாயிலிருந்து ஒரு சொல் வருவதற்குள் அவருடைய அம்மா பத்துச் சொல் பேசி முடித்திருப்பாள். அதனால் அவர் கெட்டவர் என்று தெரிய யாருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

மூன்றாம் வருஷம் அக்காவுக்கு உடம்பு வெளிறத் தொடங்கியது. குளத்தில் குளித்துவிட்டுக் கரையேறும்போது இரண்டாவது படியில் உட்கார்ந்துவிடுவாளாம். உமிக்கரி தொட்டுப் பல் தேய்த்தால் துப்புவதெல்லாம் ரத்தம். அதைவிட மோசம், கையிலும் தொடையிலும் நீலம் நீலமாகக் கன்றிய தடங்கள். கதவு லேசாக இடித்தால் ஒரு தடம். வளையலைக் கழற்றினால் மணிக்கட்டைச் சுற்றி ஒரு தடம். குளக்கரைப் பெண்களுக்குக் கண் இருக்கிறதே. உன்னை யாரடி அடிக்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மாமியார் அவளை அடிக்கவில்லை. ஒரு தடவைகூடக் கை ஓங்கவில்லை என்று அக்காவே சொல்லியிருக்கிறாள். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மருமகளை அடித்துக் கொல்லுகிறாள் என்று குளத்தில் பேச்சு, வயல் வரப்பில் பேச்சு. அந்த அம்மாள் கோயிலுக்குப் போனால் பெண்கள் விலகி நின்றார்களாம். செய்யாத குற்றத்துக்கு ஒருத்தி என்ன பாடுபடுவாளோ அத்தனையும் அவள் பட்டாள். அந்த நீலத் தடங்களுக்கு ஒரு காரணம் அவளுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது.

அந்த வருஷம் பள்ளிக்கூட விடுமுறையில் நான் அக்காவுக்குத் துணையாக அங்கே போய் இருந்தேன். எனக்குப் பதினைந்து முடிந்திருந்தது. ஒரு நாள் காலையில் வண்டி கட்டி அக்காவை ஓர் ஆசானிடம் கொண்டுபோனோம். ஆசான் என்றால் எங்கள் பக்கத்தில் வர்மமும் வைத்தியமும் தெரிந்தவர். மாமியாருக்கு முட்டுவலி, படி ஏற முடியாது. முற்றத்துப் பலாமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் அக்காவும் உள்ளே போனோம்.

ஆசான் அக்காவின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். நகத்தை அழுத்தி, ரத்தம் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார். நெஞ்செலும்பை விரல்முட்டியால் மெல்லத் தட்டினார். அக்கா முகம் சுளித்தாள். அவர் கையை எடுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

“தாது ஏழு. அதுல ஆறாவது மூளை. பிள்ளைக்கு அந்த மூளைதான் வத்திப்போய்க் கெடக்கு. இது எனக்க கையில நிக்காது. திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போங்க.”

அவர் சொன்னதில் முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தது ஒரே ஒரு சொல். அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். திரும்பி வரும்போது மாமியார் வண்டியில் அக்காவை விட்டுத் தள்ளி, வண்டிக்காரன் முதுகோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது மட்டும் எனக்கு அப்போதே உறைத்தது.

வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்துவிட்டது. மருமகளுக்கு மூளைக் கோளாறு. ஆசானே சொல்லிவிட்டார். நீலத் தடமா? அவளே போய்ச் சுவரில் இடித்துக்கொள்கிறாள், பிடித்து நிறுத்த ஆள் போதவில்லை. ஒரு வாரத்துக்குள் குளக்கரை முழுக்க இந்தக் கதைதான். விலகி நின்ற பெண்கள் திரும்பி வந்து அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள். பைத்தியத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் பொறுத்தாளோ என்று. அக்காவின் கையிலிருந்த அரிவாள்மணையைப் பிடுங்கினார்கள். கிணற்றடிக்குத் தனியே விடவில்லை. அவளிடம் பேசும்போது காது கேளாதவளிடம் பேசுகிற மாதிரி உரக்க, மெதுவாகப் பேசினார்கள்.

திருவனந்தபுரம் என்று ஆசான் சொன்னதை ஒருவரும் எடுக்கவில்லை. அந்தச் சொல்லால் அவர்களுக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து அக்காவைப் பெட்டியோடு எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள். அடுத்து விடுமுறி வந்தது. தாம்பத்தியத்தைத் தீர்த்து எழுதும் பத்திரத்துக்கு எங்கள் நாட்டில் அதுதான் பேர். முத்திரைக் காகிதத்தில் இரண்டு பிரதி, அவருக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. அதில் ஒரு வரி: ‘மேற்படியாள் மூளைக் கோளாறு உடையவளாய்த் தன்னைத்தானே இம்சித்துக்கொள்பவளாகையால் இல்லறத்துக்கு ஆகாதவள்.’ அப்பா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, சண்டை போட்டால் பேச்சு இன்னும் பரவும் என்றார். சாதுவான மனிதர்களால் இந்த உலகத்தில் நடந்திருக்கிற அநியாயத்தை யாராவது ஒரு நாள் உட்கார்ந்து எழுத வேண்டும்.

அக்கா கையெழுத்துப் போட்டாள். பேனாவைப் பிடித்திருந்த இடத்திலேயே விரலில் ஒரு நீலம் வந்தது.

எங்கள் ஊரிலும் கதை வந்து சேர்ந்துவிட்டது. ஒரு சித்தப்பா முறைக்காரர், பேய் பிடித்தவர்களைக் கட்டிப்போடும் ஓர் இடம் தெற்கே இருக்கிறது, நாற்பத்தொரு நாள் விட்டால் தெளிந்துவிடும் என்று வந்து சொன்னார். அக்கா அவரை உட்காரச் சொல்லி மோர் கொடுத்துவிட்டு, பதினேழைப் பதினாறால் பெருக்கினால் எவ்வளவு என்று கேட்டாள். அவர் முழித்தார். ஒருவேளை நீங்களும் அங்கே போய் இருந்து பார்க்கலாம் சித்தப்பா என்றாள். அவர் மோரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அன்று நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அவளுக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி, நிற்க மாலையாகிவிட்டது.

அந்த மூக்கு ரத்தம்தான் அப்பாவை அசைத்தது. மறுநாளே திருவனந்தபுரம் பஸ் ஏறினோம்.

அங்கே இருந்த டாக்டர் குட்டநாட்டுக்காரர். மலையாளத்துக்கு நடுவே எங்களுக்காகத் தமிழைப் பிடித்துப் பிடித்துப் பேசினார். அக்காவின் நெஞ்செலும்பில், ஆசான் தட்டிய அதே இடத்தில், கனத்த ஊசியைத் திருகி இறக்கினார். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உறிஞ்சி எடுக்கும்போது அவள் கால் விரல்கள் என் கைக்குள் மடங்கின. நாலு நாள் கழித்து அப்பாவையும் என்னையும் அழைத்து உட்கார வைத்தார்.

எலும்புக்கு உள்ளே இருக்கிற மஜ்ஜையில்தான் ரத்தம் பிறக்கிறது என்றார். அதுதான் நாற்றங்கால். சிவப்பு, வெள்ளை, பிறகு காயத்தை அடைக்கிற பொடித் துணுக்குகள், மூன்றும் அங்கே முளைத்துத்தான் உடம்புக்குள் நடவாகின்றன. இவளுடைய நாற்றங்கால் காய்ந்துவிட்டது. சிவப்பு குறைந்ததால் வெளிறுகிறாள். வெள்ளை குறைந்ததால் காய்ச்சல். துணுக்குகள் குறைந்ததால் தொட்ட இடமெல்லாம் நீலம். அப்பா தலையாட்டினார். நெல்லு விளைகிற நாட்டுக்காரனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

எதனால் வந்தது என்று கேட்டேன். தெரியாது என்றார். அப்படிச் சொன்ன முதல் வைத்தியர் அவர்தான். மாதக்கணக்கில் அடுத்தவர் ரத்தத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டலாம், சிலர் வருஷக்கணக்கில் ஓடுவார்கள், சிலருக்குத் தானாகவே தேறுவதும் உண்டு என்றார். பிறகு, இவளுக்கு முளைத்திருக்கும் கொஞ்சமும் கோணலாக முளைத்திருக்கிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை என்றார். இப்படிப்பட்ட நாற்றங்கால் சிலது ஒரு நாள் தலைகீழாகப் புரளும். எப்போது என்று சொல்ல முடியாது. புரண்டால் வாரக்கணக்குத்தான்.

வெளியே வந்ததும் எனக்கு ஆசானுடைய ஞாபகம் வந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகு தனியாக அவரிடம் போனேன். மூளை என்று நீங்கள் எதைச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். தன் முழங்கையைத் தட்டிக் காட்டினார்.

“தலைக்குள்ள உள்ளதும் மூளைதான், எலும்புக்குள்ள உள்ளதும் மூளைதான். எங்க ஏட்டுல மூளைன்னா இது. நான் சொன்னது இதையாக்கும். அதை ஆரு மக்கா தலைக்குக் கொண்டுபோனது?”

நான் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். வரும் வழியெல்லாம் எனக்கு உடம்பு எரிந்தது. நோயைப் பழிவாங்க முடியாது. அதற்கு வீடு வாசல் கிடையாது. அதன் பெயரைச் சொல்லித் தெருவில் நின்று கூப்பிட முடியாது. மாமியாருக்கு வீடு இருந்தது, வாசல் இருந்தது, ஊரில் பெயர் இருந்தது. அந்தப் பெயரை ஒரு நாள் அவிழ்த்துத் தெருவில் போடுவேன் என்று அன்று முடிவு செய்துகொண்டேன். கோபம் ஆறிவிடும் என்பார்கள். சிலருக்கு ஆறும். நான் அதை ஆற விடாமல் பார்த்துக்கொண்டேன்.

இரண்டு வருஷம் ஓடியது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பஸ், திருவனந்தபுரம், பாட்டில் ரத்தம். அப்பாவுடையதும் சேர்ந்தது, என்னுடையதும் சேர்ந்தது. ரத்தம் ஏறிய பத்து நாள் அக்கா நன்றாக இருப்பாள். நான் நாகர்கோவிலில் ஆசிரியைப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். என் பாடக் குறிப்புகளைத் திருத்தித் தருவாள். உன் ரத்தம் ஏறினால் எனக்குக் கோபம் ஜாஸ்தி வருகிறது, அப்பாவுடையது ஏறினால் தூக்கம் வருகிறது என்று கேலி செய்வாள்.

பிறகு, தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று எங்கள் பக்கமெல்லாம் ஊர்வலங்கள் நடந்துகொண்டிருந்த வருஷம், அவளுக்கு ஈறு வீங்கத் தொடங்கியது. கழுத்தில் நெறி கட்டியது. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. பஸ் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. கிடைத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்து ரத்தம் பார்த்தோம். இரண்டு வருஷமாக வெள்ளை குறைவு, வெள்ளை குறைவு என்றே கேட்டுப் பழகியிருந்த எங்களிடம், சீட்டைக் கொண்டுவந்த பெண், வெள்ளை ரொம்பக் கூடியிருக்கிறது என்றாள்.

கூடிவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அப்பா வெளியே ஓடிப்போய்க் கடையில் பால் பாயசம் வாங்கிக்கொண்டு வந்தார். அக்கா வீங்கிய ஈறுகளோடு இரண்டு கரண்டி குடித்தாள். நாற்றங்கால் முளைத்துவிட்டது என்று மூன்று பேரும் வராந்தாவில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

டாக்டர் மறுபடியும் நெஞ்செலும்பில் ஊசி போட்டார். இந்தத் தடவை நாலு நாள் ஆகவில்லை. சாயந்திரமே கூப்பிட்டார். புரண்டுவிட்டது என்றார். முளைத்திருப்பது நாற்று இல்லை. வயலில் வரிநெல் என்று ஒரு களை உண்டு. நெல் மாதிரியே தலை நீட்டும், நெல்லைவிட வேகமாக வளரும், மணி பிடிக்காது, நெல்லுக்கும் இடம் விடாது. இவளுடைய எலும்புக்குள் இப்போது அதுதான் நிறைந்திருக்கிறது. அங்கே இடம் போதாமல் ரத்தத்துக்குள்ளும் இறங்கிவிட்டது. முதலில் வற்றிய நோய் இப்போது ரத்தப் புற்றாகிவிட்டது. வெளிநாட்டில் ஏதோ மாத்திரை வந்திருக்கிறதாம், அதுவும் சில மாதம்தான் தள்ளிப்போடுமாம், வரவழைப்பதற்குள் இவளுக்கு நேரம் இருக்காது என்றார்.

அக்கா எல்லாவற்றையும் கதவோரத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து பாயில் படுத்த பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“எனக்க சாவுக்கு வாற ஆளுக ‘பைத்தியம் செத்துப்போச்சு’ன்னு சொல்லிட்டுப் போகப்பிடாது. அந்தக் கடலாசுல எழுதி வச்சத, எழுதின கையாலயே அடிச்சு வாங்கிட்டு வா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

அவள் அதுவரை அந்தக் காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்றே நான் நினைத்திருந்தேன்.

அத்தானுக்கு அந்தச் சமயம்தான் மறு கல்யாணம் பேசியிருந்தார்கள். இதற்கு முன் இரண்டு இடம் பேசி, பழைய நீலத் தடப் பேச்சு காதில் விழுந்து தட்டிப்போயிருந்ததால், மாமியார் முன்னைவிட உரக்க மூளைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தப் பெண் வீட்டார் விவரமானவர்கள். நிச்சயதாம்பூலத்தன்று விடுமுறியைச் சபையில் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அந்த விஷயம் என் காதுக்கு வந்தபோது, எங்கே போய் நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

நிச்சயதாம்பூலத்துக்கு முந்தின வாரம் ஒற்றை ஆளாகத் திருவனந்தபுரம் போய், டாக்டரிடம் ஒரு கடிதம் கேட்டேன். இவளுக்குப் புத்தியில் கோளாறு இல்லை என்று எழுதித் தாருங்கள் என்றேன். அவர் முதலில் சிரித்தார். நான் காரணத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, நோயின் பெயரையும், நீலத் தடம் எதனால் வருகிறது என்பதையும், நோயாளியின் புத்தி தன்னுடையதைவிடக் கூர்மையானது என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டார்.

நிச்சயதாம்பூலம் நாகர்கோவிலுக்கு அருகே பெண் வீட்டில், பகல் பதினொரு மணிக்கு. நான் இருந்ததில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, எங்கள் பிரதியையும் டாக்டர் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். மாமியார் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த வெற்றிலையை மடிக்க மறந்துவிட்டாள். அந்த முகத்தை நான் இப்போதும் எடுத்துப் பார்த்துக்கொள்வதுண்டு.

பெண்ணின் மாமா விடுமுறியைப் படித்தார். அந்த வரி வந்ததும் எழுந்து, இது பொய் என்றேன். கடிதத்தைக் கொடுத்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியும். சத்தமாகப் படித்து ஒவ்வொரு வரிக்கும் தமிழில் அர்த்தம் சொன்னார். ஆசான் சொன்ன மூளை எலும்புக்குள் இருப்பது என்பதை நான் சொன்னேன். பிறகு, பஸ்ஸில் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைக் கேட்டேன்.

“நாளைக்கு ஒங்க பிள்ளைக்கு ஒரு நோய், சூக்கேடு வந்தா, இவங்க என்ன எழுதுவாங்கன்னு கேட்டியளா?”

மாமா கடிதத்தை மடித்தார். பேனாவை எடுத்து அத்தானிடம் நீட்டினார். அத்தான் தன் அம்மாவைப் பார்த்தார். பிறகு, என் நினைவில் முதல் தடவையாக, அவளைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தார். இரண்டு பிரதியிலும் அந்த வரியை அடித்தார். மேலே, ‘எலும்பு மூளை நோய். புத்தித் தெளிவு உடையவள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிரதியை என்னிடம் தரும்போது, எனக்கு மட்டும் கேட்கும்படியாக, அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். கையெழுத்துச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அக்கா கேட்டது அவ்வளவுதான். அத்தோடு நான் வந்திருக்கலாம். ஆனால் நான் போனது அக்காவுக்காக மட்டும் இல்லை. மாமியாரைப் பார்த்து, நீங்கள் வாயால் சொன்னதை வாயால் எடுக்க வேண்டும் என்றேன். அவளுக்குப் பைத்தியம் இல்லை என்று அவள் தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தாள். கேட்கவில்லை என்றேன். மறுபடி சொன்னாள். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்றேன். மூன்றாம் தடவை முட்டுவலியோடு எழுந்து நின்று சொன்னாள். சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தாள். இன்னும் எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தோற்றுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை இதற்கு முன்னும் அனுபவித்ததில்லை, பின்னும் அனுபவித்ததில்லை. கல்யாண மாலை கழுத்தில் விழுந்த அன்றுகூட அது வரவில்லை.

அக்காவுக்கு அன்று கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருந்தது. காகிதத்தை முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு படித்தாள். அடித்த கோட்டை விரலால் தடவினாள். அவருடைய எழுத்துத்தான் என்றாள். அவர் ஏதாவது கேட்டாரா என்றாள். ஒன்றும் கேட்கவில்லை என்றேன். அந்தப் பொய்யையும் நான்தான் சொன்னேன்.

மாமியார் மூன்று தடவை சொன்னதை நான் நடித்தே காட்டினேன். முணுமுணுப்பு, முட்டுவலி, எழுந்து நின்றது, எல்லாம். அக்கா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. காகிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அத்தை அங்க வச்சு ஒன்னை ஒண்ணும் சொல்லல்லியா?”

என்னை என்ன சொல்ல என்றேன்.

“அன்னைக்கு ஆசான் வீட்டு முத்தத்துல, ‘அக்காவுக்கு மூளையில கோளாறாம்’னு அத்தைகிட்டச் சொன்னது நீதான மக்கா. நான் உள்ள கெடந்து கேட்டேன்.”

ஆமாம். நான்தான். ஆசான் கஷாயத்துக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். மாமியார் முற்றத்திலிருந்து, ஏட்டி, என்ன சொன்னார் என்று கேட்டாள். பெரிய செய்தியைக் கொண்டுபோகிற அவசரத்தில் நான் ஓடிப்போய்ச் சொன்னேன். ஏழு தாதுவைச் சொல்லவில்லை. திருவனந்தபுரத்தையும் சொல்லவில்லை. இந்த ஒரு சொல்லை மட்டும் சொன்னேன். சபையில் மாமியார் வாயைத் திறந்தது இதைச் சொல்லத்தான். ஒரு வாக்கியம் போதும், என் முகத்தை அத்தனை பேருக்கு முன்னால் கிழித்திருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மூன்று வருஷம் ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று அக்காவிடம் கேட்டேன்.

“நீ சின்னப் பிள்ளைல்லா. ஒனக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாது.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, “அத்தைக்கும் தெரியாது” என்றாள்.

நாலாம் நாள் காலையில் அவள் போய்விட்டாள். வந்தவர்கள் யாரும் பைத்தியம் என்று சொல்லவில்லை. பாவம், ரத்தத்தில் நோய் என்றார்கள். அது அவள் கேட்ட மாதிரியே நடந்தது. மாமியாரும் வந்திருந்தாள். அத்தனை தூரம் அந்த முட்டோடு வந்து, கால்வாய்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். வா என்று ஒருவர் சொன்னால் போதும், வந்திருப்பாள். நான் வாசலில் நின்றேன், அவளைப் பார்த்தேன், சொல்லவில்லை.

பிற்காலத்தில் எத்தனையோ பேர் என்னிடம் சொல்லிப் பார்த்தார்கள். அறியாமல் செய்தாள், விட்டுவிடு என்று. அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அறியாமல் செய்தாள் என்று அவளை விட்டால், அதே காரணத்துக்காக என்னையும் விட வேண்டும். அதனால்தான் அவளை விடவில்லை.